சாய்தளம் என் பங்கு, தொங்கும் எடை அவள் பங்கு

நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மெக்கானிக்ஸ் கணக்கில் ஒரு கட்டை இருக்கும். அதற்கு நிறம், மணம், ஊர், உறவு எதுவும் கிடையாது. ஐந்து கிலோ எடை மட்டும் உண்டு. முப்பது பாகைச் சரிவில் அதை யாரோ கொண்டுபோய் வைத்திருப்பார்கள். ஏன் வைத்தார்கள் என்று கேட்கக் கூடாது. அதன் கழுத்தில் ஒரு கயிறு. சரிவின் உச்சியில் ஒரு கப்பி. கப்பியைத் தாண்டிக் கயிற்றின் மறுமுனையில் இன்னொரு கட்டை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். கயிற்றுக்கு எடை இல்லை, இழுத்தாலும் நீளாது. கப்பி வழுவழுப்பானது. காற்று என்பதே உலகத்தில் கிடையாது. இவ்வளவு ஏற்பாடுகளையும் செய்துவிட்டுக் கேட்பார்கள்: கையை விட்டால் என்ன ஆகும்?

எனக்குப் பதினேழு வயதில் அதற்கு விடை தெரியவில்லை. ஐம்பதைத் தாண்டியும் பல விஷயங்களில் தெரியவில்லைதான், ஆனால் இப்போது யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

பதினேழைப் பிள்ளைப் பருவம் என்று சொல்லலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாதான் என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். எனவே சொல்லலாம்.

தொடக்கக் கல்லூரியில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய இரண்டாண்டுப் படிப்பில், முதலாண்டு முடிந்திருந்தது. கணக்கில் தேறாதவர்களின் பெயர்களைத் தட்டச்சு செய்து அலுவலகத்துக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். விடுமுறை முடிந்து ஜனவரியில் அவர்களுக்கு மட்டும் ஒரு மறுதேர்வு. அதிலும் கோட்டைவிட்டால் புதிதாக வரும் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலாண்டையே மறுபடியும் படிக்க வேண்டும். அதற்கு ‘ரீட்டெய்ன்’ என்று பெயர். பக்கத்து வீட்டில் யாருக்கோ வந்துவிட்ட நோயைச் சொல்வதுபோல அந்தச் சொல்லைத் தணிந்த குரலில்தான் சொல்வார்கள்.

பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் இரண்டு. ஒன்று என்னுடையது. இன்னொன்று யாருடையது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே அதற்குச் சொந்தக்காரி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். வேறு வகுப்பு. உயரமானவள், வெள்ளைக் குட்டைக்கைச் சட்டைக்கு மேலே பள்ளிப்பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல நிற்பாள்.

“நீயும் மேத்ஸா?”

“ஆமா.”

“எவ்வளவு?”

“முப்பத்தொண்ணு.”

“நான் இருபத்தொம்போது. நீ டாப்பர் லா.” எங்கள் ஊர்ப் பேச்சில் வாக்கியத்தின் வாலாக ஒரு ‘லா’ ஒட்டிக்கொண்டு வரும்.

அவள் வீடு மார்சிலிங்கில் இருந்தது. என்னுடையது கிளமெண்டியில். எங்கள் ஊரே ஒரு சின்னத் தீவு; அதன் வடக்கு முனையும் மேற்குப் பக்கமும். இன்றைய பிள்ளைகள் ரயிலில் உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு நாடகம் பார்த்து முடிப்பதற்குள் போய்விடுவார்கள். அன்று மார்சிலிங்குக்கு ரயில் இல்லை. பேருந்து மாறி மாறிப் போக வேண்டும். அவள் என்னை ‘கிளமெண்டி’ என்றே கூப்பிட்டாள். நான் அவளை ‘மார்சிலிங்’ என்று கூப்பிட்டேன். இரண்டு பேருந்து நிறுத்தங்கள் பேசிக்கொள்வதுபோல இருக்கும்.

எங்கள் கணக்கு ஆசிரியர் மெலிந்த சீனர். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனாக்கள். சிரித்து நான் பார்த்ததில்லை, திட்டியும் பார்த்ததில்லை. பட்டியலில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு கட்டுப் பயிற்சித்தாள் கொடுத்தார். நாற்பது கணக்குகள். எல்லாம் சாய்தளம், கப்பி, கயிறு. விடுமுறையில் போட்டு முடித்து, மறுதேர்வு அன்று கொண்டுவந்து கொடுக்க வேண்டும். “இதையும் பார்ப்பேன்” என்று மட்டும் சொன்னார்.

அந்த விடுமுறையில்தான் எட்டாம் மாடி எவ்வளவு உயரம் என்பது எனக்குத் தெரிந்தது. அப்பா கப்பலில் இன்ஜினியர்; வருடத்தில் இரண்டு முறை வந்து, எங்கள் வீட்டு விளக்குச் சுவிட்சுகள் எங்கே இருக்கின்றன என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கிளம்பிவிடுவார். அம்மா மருத்துவமனைத் தாதி. பிற்பகல் ஒரு மணிக்குப் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் ஒன்று, ஐந்து, ஒன்பது என்று நான்கு மாடிக்கு ஒரு தடவைதான் நிற்கும். எட்டாம் மாடிக்காரர்கள் ஒன்பதுக்குப் போய் ஒரு மாடி இறங்கி வர வேண்டும். யாரையாவது பார்க்க வேண்டும் என்பதற்காகவே நான் சில நாள் தேவையில்லாமல் கீழே போய் மேலே வருவேன்.

வகுப்புத் தோழிகள் முதல் வாரத்தில் தொலைபேசியில் அழைத்தார்கள். நோயாளியைப் பார்க்கப் பழத்தோடு வருபவர்களின் குரல். “நீ நல்லா செஞ்சிடுவே.” அப்புறம் ஒருத்தி மலாக்கா போனாள், ஒருத்தி சென்னை போனாள், மற்றவர்கள் ஊரிலேயே இருந்தும் அழைக்கவில்லை. மழை வேறு. டிசம்பர் மழைக்கு நடைபாதையில் காயும் துணிகளின் ஈர வாடை. மேல்வீட்டில் கோலிக்குண்டு உருளும் சத்தம். நம்மில் அடுக்குமாடியில் வளர்ந்த எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்போம். மேல்வீட்டில் குழந்தையே இருக்காது, ஆனால் கோலி உருளும். எங்கள் மேல்வீட்டில் இருந்தது ஓய்வுபெற்ற ஒரு தம்பதி. அவர்கள் கோலி விளையாடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மார்சிலிங் முதன்முதலில் அழைத்தது ஒரு புதன்கிழமை நான்கு மணிக்கு.

“மூணாவது கணக்குப் போட்டியா?”

“இல்ல.”

“ரெண்டாவது?”

“இல்ல.”

“முதல்ல உன் பேரையாவது எழுதினியா?”

எழுதியிருந்தேன். அன்றிலிருந்து தினமும் நான்கு மணிக்கு மணி அடித்தது.

தொலைபேசியில் மெக்கானிக்ஸ் கணக்குப் போடுவது எப்படி என்று இப்போது யாருக்கும் விளக்க முடியாது. படம் பார்க்க முடியாது, கை காட்ட முடியாது. நாற்காலியை இழுத்துப்போட்டு, சுருள் கம்பியை மடியில் சுற்றிக்கொண்டு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கருவியை இடுக்கிக்கொண்டு, முட்டியின் மேல் ஃபுல்ஸ்கேப் தாளை வைத்து எழுத வேண்டும். பத்து நிமிடத்தில் காது சூடாகிவிடும். காதை மாற்றினால் எழுதும் கை மாறாது. முதல் மூன்று நாள் ஆளுக்கு ஒரு பக்கம் முட்டிக்கொண்டு, இரண்டு விதமான தப்பு விடைகளோடு நின்றோம்.

நான்காம் நாள் அவள்தான் வழி கண்டுபிடித்தாள்.

“புக்ல என்ன போட்டிருக்கு? ஒவ்வொரு பாடியையும் தனித்தனியா பாருன்னுதானே?”

“ஆமா.”

“அப்ப ஏன் ரெண்டையும் ரெண்டு பேரும் பார்க்கிறோம்? நீ ஸ்லோப்ல இருக்கிறவனைப் பாரு. நான் தொங்குறவனைப் பார்க்கிறேன். அப்புறம் கூட்டிக்கலாம்.”

அப்படித்தான் பாகம் பிரிந்தது. சைன், கோசைன் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. எனக்கு அவை மனப்பாடம்; புரிந்ததா என்பது வேறு விஷயம். சரிவில் இருக்கும் கட்டையின் எடையை இரண்டாகப் பிரித்து, உராய்வைச் சேர்த்து நான் என் சமன்பாட்டை எழுதுவேன். கயிற்றில் தொங்குபவனுடைய சமன்பாட்டை அவள் எழுதுவாள். ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவோம். இரண்டிலும் கயிற்றின் இழுவிசை இருக்கும், ஆங்கில எழுத்து டி. ஒன்றில் கூட்டலாக, மற்றதில் கழித்தலாக. சேர்த்துக் கூட்டினால் அது காணாமல்போய்விடும். “டி போச்சு!” என்று அவள் கத்துவாள். எதிர்முனையில் தம்பி தங்கைகள் யாரோ பயந்து அழுவார்கள்.

இன்னொரு வேலையும் அவள் பங்குதான். கணக்கைத் தொடுவதற்கு முன்பே படத்தை உற்றுப்பார்த்து, “இரு, யாரு ஜெயிப்பான்னு முதல்ல பார்ப்போம்” என்பாள். மனதுக்குள் ஏதோ போட்டுப் பார்ப்பாள். “என் ஆளு இறங்குறான். உன் ஆளு ஏறுறான். அம்புக்குறி போடு.” நான் போடுவேன். எப்படித் தெரிந்தது என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. கேட்டாலும் அது கணக்கில் சேராது, ஏதோ வாய்ஜாலம் என்று எனக்கு நினைப்பு.

அவள் வீட்டின் சத்தங்கள் எனக்குப் பழகிவிட்டன. குக்கர் விசில், தொலைக்காட்சியில் மலாய்ச் செய்தி, “கதவைச் சாத்துடா” என்று அவள் அம்மா, அவள் வார்த்தையில் உம்மா, போடும் அதட்டல். ஏழு பேர் இருந்த மூவறை வீடு. தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு, கம்பி எட்டும்வரை போய், குளியலறை வாசலில் உட்கார்ந்து பேசுவாளாம்.

“உன் வீட்ல ஏன் சத்தமே வர்ல?”

“யாரும் இல்ல.”

“யாருமே? கொடுத்து வச்சவ லா. நான் அங்க வந்து இருந்துடவா?”

வா என்று நான் சொல்லியிருக்கலாம். “அடுத்த கணக்கு” என்றேன். கணக்கு முடிந்த பிறகும் சில நாள் அவள் வைக்காமல் விட்டுவிட்டுத் தங்கையோடு சண்டைபோடப் போய்விடுவாள். நான் கருவியைக் காதில் வைத்தபடி உட்கார்ந்து, அந்தச் சண்டை முடியும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மாவுக்கு ஒரு விடுமுறை நாளில் இந்த நான்கு மணி விஷயம் தெரியவந்தது. சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே அவர் கேட்டதெல்லாம் என் பக்கத்துப் பேச்சு மட்டும். “அங்க கோசைன் வரும். இல்ல, அது சைன். நான் சொல்றதை எழுதிக்கோ.” கருவியை வைத்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தலையைத் தடவினார்.

“பாவம், அந்தப் பிள்ளைக்கு நீதான் சொல்லிக்கொடுக்கிறியா?”

நான் தாள்களை அடுக்கத் தொடங்கினேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மறுவாரம் அவருடைய வார்டு முழுவதும் இந்தச் செய்தி பரவியிருந்தது. தானே தேறுமோ தேறாதோ என்ற நிலையிலும் இன்னொரு பிள்ளைக்குக் கைகொடுக்கும் மகள்! நோயாளிகளில் ஒருவர் எனக்கு ஒரு பேனா கொடுத்தனுப்பினார். அதை வைத்துத்தான் மீதிக் கணக்குகளையும் எழுதினேன்.

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவள் என்னைத் தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு வரச்சொன்னாள். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அவள் அப்பாவுக்கு, அவள் வார்த்தையில் அத்தாவுக்கு, மொத்த மளிகைக் கடை. காய்ந்த மிளகாய், வெங்காயம், மல்லி. கடைக்கு முன்னாலிருந்த ஐந்தடி நடைபாதை முழுக்கச் சாக்கு. உள்ளே நுழைந்த உடனே எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது.

“வாங்கம்மா. தும்மல் நிக்கட்டும், அப்புறம் பேசலாம்” என்றார் அத்தா. “இதுதான் கிளமெண்டியா? நாலு மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டா கிடைக்காததுக்கு நீங்கதான் காரணம்.”

கடையின் பின்கட்டில் மேல்மாடிக்குச் சரக்கு ஏற்ற ஒரு திறப்பு இருந்தது. அதற்கு மேலே உத்தரத்தில் ஒரு கப்பி. நாற்பது கணக்குகளில் நான் பார்த்த எந்தக் கப்பிக்கும் அது சொந்தமில்லை. துருப்பிடித்து, கறுத்து, மணிக்கட்டுத் தடிமனில் கயிறு சுற்றியிருந்தது. கடையில் வேலை பார்ப்பவர் ஒருவர் இழுக்க, மிளகாய் மூட்டை ஆடியபடியே ஏறியது. கப்பி போட்ட கிறீச்சுச் சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஸ்மூத் புல்லி” என்றாள் மார்சிலிங்.

“லைட் ஸ்ட்ரிங்” என்றேன் நான்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவருக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு அவள் ஒரு முனையில் வெங்காய மூட்டையைக் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்தாள். “பிடி. கண்ணை மூடு. இப்ப சொல்லு, இவன் இறங்கப் பார்க்கிறானா, சும்மா நிக்கிறானா?” உள்ளங்கையில் சணல் உரசியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கை வலித்தது, அவ்வளவுதான். “கணக்குப் போடறதுக்கு முன்னாடி இதை மனசுல செஞ்சு பாரு. அம்புக்குறி தானா வரும்” என்றாள். சரி சரி என்று கையை உதறிக்கொண்டேன்.

பிறகு மல்லி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து தாள்களைப் பிரித்தோம். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டே என் தாளைப் பார்த்தாள்.

“கிளமெண்டி, ஸ்லோப் பக்கத்தை எனக்கு ஒரு தடவை மெதுவா போட்டுக் காட்டேன். எங்க சைன், எங்க கோசைன்னு.”

“எதுக்கு? நான்தான் இருக்கேனே.”

“டெஸ்ட்ல நீ இருக்க மாட்டே லா.”

“அதெல்லாம் எல்லாக் கணக்குலயும் ஒருத்தன் தொங்கத்தான் செய்வான். பாதி மார்க் உனக்கு வந்துடும். டைம் ஆச்சு, அடுத்ததைப் பார்ப்போம்.”

அவள் வற்புறுத்தவில்லை. பத்து நிமிட வேலை அது. ஒரு தாள், ஒரு முக்கோணம். ஏன் காட்டவில்லை என்று பல வருடம் எனக்கு நானே வேறு வேறு காரணங்கள் சொல்லிக்கொண்டேன். நேரமில்லை, மிளகாய் நெடி, எனக்கே சரியாகத் தெரியாது. உண்மை இவ்வளவுதான்: முழுக் கணக்கும் அவளுக்கே வந்துவிட்டால் நான்கு மணிக்கு எங்கள் வீட்டில் மணி அடிக்காது.

மறுதேர்வில் ஐந்தாவது கேள்விதான் பெரியது. படத்தைப் பார்த்தேன். கூரைபோல இரண்டு பக்கமும் சரிவு, உச்சியில் கப்பி. இந்தச் சரிவில் ஒரு கட்டை, அந்தச் சரிவில் ஒரு கட்டை. இரண்டு பக்கமும் உராய்வு. தொங்குவதற்கு யாருமே இல்லை.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இரண்டு பேரும் என் ஆள்கள்! சைனும் கோசைனுமாக அரைப் பக்கத்தை நிரப்பினேன். பிறகுதான் அம்புக்குறியைப் போட வேண்டியிருந்தது. சொல்ல ஆளில்லை. வலது பக்கக் கட்டை பெரியதாகத் தெரிந்தது, வலது பக்கம் போட்டேன். விடை கழித்தல் குறியோடு வந்தது. கழித்தல் கோட்டை அழித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். உராய்வு இல்லாத கணக்கில் அந்தத் திருட்டுத்தனம் செல்லும். உராய்வு இருந்தால் செல்லாது, ஏனென்றால் கட்டை எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் உராய்வு பிடித்து இழுக்கும். திசை தப்பென்றால் முதலிலிருந்து எழுத வேண்டும். என் தாளில் கட்டைகளை உராய்வே பின்னாலிருந்து தள்ளிவிட்டது. நியாயத்துக்கு மேல் வேகமாக ஓடின.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு வரிசை தள்ளி அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நாள் கழித்து ஆசிரியர் எங்கள் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார். அவருடைய மேசையில் எங்கள் விடைத்தாள்கள் பக்கத்தில் பக்கத்தில் ஐந்தாவது கேள்வியில் திறந்திருந்தன. என்னுடையதில் அழகான சமன்பாடுகள், தப்பான அம்புக்குறி. அவளுடையதில் சரியான அம்புக்குறி, அதற்குக் கீழே வெள்ளைத் தாள்.

“உங்கள் இருவரையும் சேர்த்துத் தைத்தால் எனக்கு ஒரு முழு விடை கிடைக்கும்” என்றார். ஆங்கிலத்தில்தான். அது அவருடைய நகைச்சுவையாக இருந்திருக்கலாம்.

எனக்கு நாற்பத்தாறு. அவளுக்கு நாற்பத்தைந்து. ஐம்பது வேண்டும். விடுமுறைப் பயிற்சியைக் கணக்கில் எடுத்து, ஓரத்தில் நிற்பவர்களை மேலே அனுப்பத் தனக்கு அனுமதி இருக்கிறது என்றார். இரண்டு தாள்கட்டுகளையும் முன்னால் தள்ளினார்.

“நாற்பது கணக்கும் இரண்டிலும் ஒன்றுபோல இருக்கின்றன. அடித்துத் திருத்திய இடங்கள்கூட. இதைச் செய்தது யார்?”

மார்சிலிங் என்னைப் பார்த்தாள். மெல்லச் சிரித்தாள். “பெரும்பாலும் அவதான் சார்” என்றாள்.

நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விருந்தில் குழம்பு நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், சமைத்தவள் “எல்லாம் நாத்தனார் கைப்பக்குவம்” என்பாள். நாத்தனார் அடுத்த நொடியே “சேச்சே, நான் வெங்காயம்தான் நறுக்கினேன், எல்லாம் அண்ணிதான்” என்பாள். இருவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும், பாதிப் பாதி என்று. புகழை முதலில் மற்றவரிடம் தள்ளிவிட வேண்டும். அவர் அதை உடனே திருப்பித் தள்ள வேண்டும். அதுதான் மரியாதை. மார்சிலிங் தன் பங்கைச் செய்துவிட்டு என் பங்குக்காகக் காத்திருந்தாள்.

ஆசிரியருக்கு அது தெரியாது. அவர் ஒரு கேள்வி கேட்டார், ஒரு விடை வந்தது. என் பக்கம் திரும்பினார். “அப்படியா?”

அறையின் குளிரூட்டியிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாதி நான், பாதி அவள் என்று சொன்னால் என்ன ஆகும்? இருவரையும் அனுப்பலாம். இருவரையும் நிறுத்தலாம். அறிவிப்புப் பலகையை நினைத்தேன். அம்மாவின் வார்டை நினைத்தேன். யாரோ கொடுத்தனுப்பிய பேனா என் பையில்தான் இருந்தது.

“என்னால் முடிந்த அளவு உதவினேன் சார்” என்றேன்.

அதையும் எவ்வளவு அடக்கமாகச் சொன்னேன் தெரியுமா? தலையைக் குனிந்துகொண்டு. அம்மா கேட்டிருந்தால் கண்கலங்கியிருப்பார்.

ஆசிரியர் மூன்று பேனாக்களையும் விட்டுவிட்டுப் பென்சிலை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். “போகலாம்.”

கல்லூரி வாசலில் சாலைக்கு இந்தப் பக்கம் என் பேருந்து நிறுத்தம், அந்தப் பக்கம் அவளுடையது. அன்று அவள் கடக்காமல் என்னோடு நின்றாள். மழை விட்டிருந்தது.

“ஏய், கிளமெண்டி.”

“ம்.”

“நான் ஒரு பேச்சுக்குத்தான் லா சொன்னேன்.”

“தெரியும்.”

“நீ, ‘இல்ல சார், ரெண்டு பேரும்தான்’னு சொல்லுவேன்னு...”

“நாளைக்குக் காலைல போய்ச் சொல்லிடறேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“சரி” என்றாள். பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்தாள். அந்தப் பக்கம் போய் நின்று கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

மறுநாள் காலை ஆசிரியர் அறை வாசல்வரை போனேன். உள்ளே அவர் ரொட்டி தின்றுகொண்டே யாருடைய தாளையோ திருத்திக்கொண்டிருந்தார். சாப்பிடுகிறாரே, தொந்தரவு செய்யக் கூடாது என்று திரும்பிவிட்டேன். பண்பாடு எவ்வளவு இடங்களில் கைகொடுக்கிறது பாருங்கள். அதற்கு அடுத்த நாள் பட்டியல் வந்துவிட்டது. நான் இரண்டாம் ஆண்டு. அவள் முதலாம் ஆண்டு.

இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த மனிதர் எங்கள் இருவரையுமே அனுப்பியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. திட்டாத ஆசிரியர். தைத்தால் முழு விடை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் கேட்டது எங்களைப் பிடிப்பதற்காக அல்ல, எழுதிவைக்க ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக. சரி, இருவரையும் நிறுத்தியிருந்தால்தான் என்ன? சேர்ந்தே ஓராண்டு மறுபடி படித்திருப்போம். கூடவே ஒருத்தி இருந்திருப்பாள். தனியாக இருக்கக் கூடாது என்பதற்காக முக்கோணத்தை மறைத்தவள், தனியாக மேலே போனேன். இந்தக் கணக்கில் எங்கே திசை மாறியது என்று சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை.

அந்த ஆண்டு உணவு நேரங்களில் அவளைத் தூரத்திலிருந்து பார்ப்பேன். ஒரு மாதத்திலேயே அவளைச் சுற்றி முதலாண்டுப் பிள்ளைகள் ஆறேழு பேர் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் தட்டோடு அந்தப் பக்கமாகப் போனேன். மேசையில் சரிவு, முக்கோணம். சைன் எங்கே வரும், கோசைன் எங்கே வரும் என்று அவள் மெதுவாகக் காட்டிக்கொண்டிருந்தாள். யாரிடம் கற்றாளோ! ஒரு மாணவி ஏதோ கேட்க, “முதல்ல யாரு ஜெயிப்பான்னு பாரு” என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம்விட்டாள். நான் யாரையோ பார்க்க அவசரமாகப் போவதுபோல நடந்து, எங்கள் வகுப்புத் தோழிகளின் மேசையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் மலாக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னமும்.

மே மாதத்தில் ஒருநாள் நான்கு மணிக்கு நானே எண்ணைச் சுழற்றினேன். என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன். அவள்தான் எடுத்தாள். பின்னால் அதே தொலைக்காட்சி, அதே சண்டை.

“கிளமெண்டியா! எப்படி இருக்க?”

“இருக்கேன். நீ?”

“இருக்கேன் லா. என்ன, ஏதாவது கணக்கா?”

“இல்ல.” தாளைப் பார்த்தேன். எழுதியிருந்த எதையும் வாசிக்க முடியவில்லை. “என் மேல கோபமா இருக்கியா?”

“சேச்சே. கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. நீ நல்லா படி.”

அது எந்த வகைப் பேச்சு என்று எனக்குத் தெரியும். ஆசிரியருக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும். அதற்கு என்ன பதில் வர வேண்டும் என்பதும் தெரியும். அவள் கருவியை வைக்கவில்லை. யாரையோ “சும்மா இரு” என்று அதட்டிவிட்டுத் திரும்ப வந்து, மூச்சுவிட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவள் வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது. இன்னொன்றும் அடித்தது.

“அப்ப சரி” என்று சொல்லி வைத்துவிட்டேன்.